கஞ்சி போட்டுப் பெட்டியில் வைத்த புடவை

என் அன்பு மீனாக்கா,

நீ போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது. உன் வருடத் திதிக்கு மணமேல்குடியிலிருந்து பஸ் ஏறிப் பொன்னமராவதியில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே கண்டதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

முதலில் நல்ல சேதி. உனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். மூன்று மாதம், உன் மூக்கு. பிள்ளைப்பேற்றுக்கு வந்த உன் மகள் தேனு இன்னும் அங்கேதான் இருக்கிறாள். வளைகாப்புக்கு யாரோ கொடுத்த பாலியஸ்டர் புடவையில் குழந்தைக்குத் தூளி கட்டியிருந்தார்கள். வழவழவென்று வழுக்குகிற சனியன் அது. காற்றும் புகாது, வேர்வையும் உறிஞ்சாது. பிள்ளையைத் தூக்கிப் பார்த்தால் முதுகு முழுக்க வேர்க்குரு, கழுத்து மடிப்பில் புண்.

"அம்மாவோட கட்டம் போட்ட பொடவையக் கேட்டேன் சித்தி. அது சாமியாயிருச்சாம், தரமாட்டாங்களாம்" என்றாள் தேனு.

நெசவுக்காரர் வீட்டுக்கே தேடிப்போய் நீ வாங்கிய கைத்தறிப் புடவை. பதினைந்து வருடம் அதைக் கட்டிக்கொண்டு சமைத்தாய், சந்தைக்குப் போனாய், முந்தானையில் கை துடைத்தாய். சோப்புக் கட்டியைக் கிட்டே அண்டவிடாமல் அலசி, மாதம் ஒரு தடவை மடிப்பை மாற்றி மடித்து வைப்பாய். கட்டக் கட்டப் பூப்போல ஆகிவிட்டது. இப்போது நீ சுமங்கலியாகப் போனவள் என்று அதைப் பெட்டியில் பூட்டிவிட்டார்கள். வருடத்துக்கு ஒரு நாள் எடுத்துப் படைப்பார்களாம். மற்ற நாளில் தொடக்கூடாதாம்.

திதியன்று பெட்டியைத் திறந்தார்கள். நாற்றம் குப்பென்று அடித்தது. பிளாஸ்டிக் கவருக்குள் கறுப்புக் கறுப்பாகப் பூசணம். மடிப்பிலிருந்து ராமபாணப் பூச்சிகள் ஓடின. முந்தானை சல்லடையாகியிருந்தது. கரப்பான் எச்சம் வேறு. அதற்குப் பொட்டு வைத்து, பூப்போட்டு, சூடம் காட்டினார்கள் அக்கா! உன் நாத்தனார் அதை முகத்தில் ஒற்றிக்கொண்டு, "மதினி வாசம் அப்படியே இருக்குங்க" என்றாள். அதுவா உன் வாசம்? நீ இருந்திருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பாய்.

ஆனால் அவர்களை மட்டும் திட்டினால் என் நாக்கு அழுகிப்போகும். பதினாறாம் நாள் படையலில் விறைப்பாக, பார்க்கப் பெருமையாக இருக்கட்டும் என்று சோற்றுக்கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து, கவரில் சுற்றி வைத்தவள் நான்தான். "கஞ்சியோட எடுத்து வைக்காதடி, பூச்சிக்கு எலை போட்டு வச்ச மாதிரி" என்று நீ எத்தனை தடவை என்னை ஏசியிருக்கிறாய்! உன்னை இழந்த பதினாறாம் நாளே உன் பேச்சையும் மறந்துவிட்டேனே. அவர்களைப் பார்த்து வந்த அருவருப்பை விட என் கையைப் பார்த்து வந்ததுதான் அதிகம்.

படையல் இலையை எடுக்கும்வரை பொறுத்தேன். பிறகு புடவையைச் சுருட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். அத்தான் பின்னாலேயே ஓடிவந்தார்.

"அது சாமிப் பொடவைம்மா. இங்கிட்டுக் குடு."

"எங்கக்காவோட பேத்தி முதுகெல்லாம் புண்ணாக் கெடக்குது அத்தான். அவளுக்கு ஆகாத சாமி நமக்கு எதுக்குங்க?"

நான் சுடுதண்ணீரில் ஊறவைத்து, மூன்று தண்ணீர் மாற்றி அலசினேன். ஒவ்வொரு தண்ணீரும் சாக்கடையாகத்தான் வந்தது. பூசணம் போக ஒரு பொழுது வெயிலில் போட்டேன். இற்றுப்போன முந்தானைப் பக்கத்தைக் கிழித்தபோது அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மிச்சம் ஒரு தூளிக்குத் தாராளமாகப் போதும்.

மறுநாள் கட்டினோம். பிள்ளை சிணுங்காமல் தூங்கினாள். அத்தான் இரண்டு நாள் தூளிப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் பிள்ளை அதை முழுக்க நனைத்துவிட்டாள். தேனு எழுந்திருப்பதற்குள் அவரே தூளியை அவிழ்த்துக் கொல்லைக்கு எடுத்துப் போனார். தூக்கி எறியப் போகிறார் என்று பதறிப் பின்னால் போனேன். கல்லில் அடிக்காமல், கையால் கசக்கி அலசிக்கொண்டிருந்தார். பிறகு நிழலாகப் பார்த்து மாமரத்தடிக் கொடியில் விரித்துப் போட்டார்.

"வெயில்ல கெடந்தா சாயம் போயிரும்னு சத்தம் போடுவா" என்றார், என்னைப் பார்க்காமலே.

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன் அக்கா. அடுத்த திதிக்குப் பெட்டியில் ஒன்றும் இருக்காது. உன்னைக் கும்பிட வருகிறவர்கள் அந்தத் தூளியின் முன்னால் நின்று, சத்தம் போடாமல், பிள்ளையை எழுப்பிவிடாமல் கும்பிட்டுவிட்டுப் போகட்டும்.

உன்னிடம் ஏச்சு வாங்க முடியாமல் தவிக்கும்,
உன் கூடப்பிறந்த தங்கை
வள்ளி