பல் டாக்டரும் மடக்குக் கேமராவும்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் ஒருவருக்குக் கடைவாய்ப் பல்லை அடைக்க வேண்டியது, பக்கத்துப் பல்லில் கைவைக்கப் போனேன். சிஸ்டர் இருமினார். என் கிளினிக்கில் சிஸ்டர் இருமினால் நான் தப்பு செய்கிறேன் என்று அர்த்தம். வெள்ளெழுத்து வந்துவிட்டது, வேறென்ன.

சாயங்காலம் தெருக்கோடியில் இருக்கும் கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடையை நடத்துகிறவர் ஒரு பெண்மணி. என் வயதுதான் இருக்கும். அட்டையைக் காட்டிப் படிக்கச் சொன்னார். நடு வரியில் தடுமாறினேன். எழுத்து நன்றாகத்தான் தெரிந்தது. என்னிடம் பேச வருகிறவர்கள் எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பவர்கள். பதில் சொல்லும் ஆட்களோடு எனக்குப் பழக்கமில்லை.

அந்தத் தடுமாற்றத்தில் அலமாரியில் இருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டி, "மடக்குக் கேமராவா? ஜெர்மன்" என்றேன். ஏன் சொன்னேன்? எனக்குக் கேமராவும் தெரியாது, ஜெர்மனும் தெரியாது.

"அப்பாவோடது டாக்டர். ரொம்ப வருஷமா திறக்கவே வரல. சரி பண்ணத் தெரியுமா?"

"பல்லையே சரி பண்றேன்" என்றேன். சிரிக்க வேறு செய்தேன்.

ஏப்ரல் ஆறாம் தேதி அவருடைய அப்பாவுக்கு எழுபத்தைந்து வயது. சர்வேயராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊரையெல்லாம் இந்தக் கேமராவில் படம் எடுத்திருக்கிறார். அதை யார் கையிலும் கொடுக்காததால் அவர் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. ரேஷன் கார்டு படத்தில்கூடக் கண்ணை மூடியிருக்கிறாராம். அதே கேமராவில் அவரை ஒரு படம் எடுக்க வேண்டும். அதுதான் மகளின் ஆசை.

கண்ணாடி வாங்கப் போனவன் கேமராவோடு வந்திருக்கிறேன். கண்ணாடிக்கு ஆர்டர் கொடுக்க மறந்துவிட்டேன்.

மார்ச் 5, புதன்

திறக்கவில்லை. பொத்தான் போலிருந்த எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்தேன். அக்கா வந்தாள். "என்னடா இது, டிபன் பாக்ஸா?" என்று வாங்கி ஓரத்தில் ஒரு தட்டு தட்டினாள். முன்கதவு படாரென்று திறந்து என் மூக்கில் அடித்தது. உள்ளேயிருந்து துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பான கறுப்புத் தோலும், அதன் நுனியில் லென்ஸும் நீட்டிக்கொண்டு வந்தன.

"திறந்தாச்சுல்ல, அப்புறம் எதுக்கு அழற?"

அழவில்லை. மூக்கில் அடிபட்டால் கண்ணில் தண்ணீர் வரும். இது மருத்துவம்.

மார்ச் 8, சனி

கண்டுபிடித்துவிட்டேன்! மேல்தோலில் இருந்த பெயர் தேய்ந்துபோயிருக்கிறது. ஆனால் லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தில் ஒரு பெயர், சுத்த ஜெர்மன். கண்ணாடிக் கடைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். போருக்கு முந்தைய மாடல், மலையடிவாரத்துத் தொழிற்சாலை, மீசை வைத்த ஒரு இன்ஜினியர் என்று வாய்க்கு வந்ததெல்லாம் அளந்தேன். அவர் கன்னத்தில் கைவைத்துக் கேட்டார்.

மாலை: அது கேமராவின் பெயர் இல்லை. உள்ளே வெளிச்சத்தைத் திறந்து மூடும் ஷட்டரின் பெயர். அந்த ஷட்டரை ஊரில் உள்ள பாதிக் கேமராக்களில் மாட்டியிருக்கிறார்கள். தையல் மெஷினைப் பார்த்து நூல்கண்டின் பெயரைச் சொன்ன கதை.

மார்ச் 9, ஞாயிறு

பின்கதவைத் திறந்து, பல் பார்க்கும் கண்ணாடியை உள்ளே விட்டுத் துழாவினேன். ஃபிலிமை அழுத்திப் பிடிக்கும் தகட்டுக்கு அடியில் பொடி எழுத்து. தலைகீழாகப் படித்தேன். ஜப்பான். ஐம்பதுகளில் செய்தது. அகல ஃபிலிம் சுருள், சதுரப் படம். தூரம் அடிக்கணக்கில் போட்டிருக்கிறது, அதனால் ஏற்றுமதிக்குச் செய்ததாக இருக்கும்.

போன் பண்ணி, "ஜெர்மன் இல்லைங்க, ஜப்பான்" என்றேன்.

"தெரியும் டாக்டர். அப்பா எப்பவும் ஜப்பான் கேமரான்னுதான் சொல்வாரு."

"அப்ப நேத்து ஏன் சொல்லல?"

"அந்த மீசைக்காரர் கதை நல்லா இருந்துச்சு."

மார்ச் 10, திங்கள்

லென்ஸ் திரும்பவில்லை. முறுக்கி முறுக்கி என் கழுத்தும் திரும்பவில்லை.

மார்ச் 13, வியாழன்

தூரத்துக்கு ஏற்ப லென்ஸைத் திருகுவதற்காக ஒரு காலத்தில் கிரீஸ் போட்டிருக்கிறார்கள். அது இப்போது பச்சைக் கல்லாகிவிட்டது. லைட்டரில் ஊற்றும் பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். அசையவில்லை. பொறுமையிழந்து கிராம்புத் தைலமும் விட்டேன். பல்வலிக்குக் கேட்கிறதே, கிரீஸுக்குக் கேட்காதா?

சிஸ்டர் எட்டிப் பார்த்தார். "டாக்டர், வெளிய கன்னம் வீங்கிப் போய் ஆளுங்க உக்காந்திருக்காங்க."

"ஒரு நிமிஷம், இது ஆடுது... ஆடுது... வந்துருச்சு! வேரோட வந்துருச்சு!"

லென்ஸ் கழன்று கையில் வந்த சந்தோஷத்தில் கத்திவிட்டேன். வெளியே போனபோது ஒரே ஒருவர்தான் மிச்சம். அவருக்குக் காது மந்தம்.

கேட்டது பெட்ரோலா தைலமா தெரியவில்லை. கேமரா மட்டும் இனி ஜென்மத்துக்கும் பல் ஆஸ்பத்திரி வாசனைதான் அடிக்கும்.

மார்ச் 16, ஞாயிறு

எக்ஸ்ரே அறையை இருட்டாக்கி, துருத்திக்குள் சின்ன விளக்கைப் போட்டுப் பார்த்தேன். மடிப்பு மூலைகளில் ஊசி ஊசியாக வெளிச்சம். பற்சொத்தை என்றே நினைத்துக்கொண்டேன். கறுப்பு ரப்பர் பூச்சை மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றிலும் வைத்து அடைத்தேன். இன்றைக்கு எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

மார்ச் 20, வியாழன்

போச்சு. எல்லாம் போச்சு.

நல்லாத்தானே போயிட்டிருந்தது, எதுக்கு மேல் மூடியைக் கழட்டணும்? பார்க்கும் ஜன்னலில் ஒரே பொருள் இரண்டாகத் தெரியும்; சக்கரத்தைத் திருகி இரண்டையும் ஒன்றாக்கினால் தூரம் சரி என்று அர்த்தம். இரண்டாவது உருவம் மங்கலாக இருந்தது. உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி, நகத்தளவு, அழுக்கு. நேற்று ராத்திரி பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒரே ஒரு துடை துடைத்தேன்.

பஞ்சு வெள்ளியாக வந்தது. கண்ணாடி வெறும் கண்ணாடியாக நின்றது.

துடைக்கச் சொன்னது யாரு? யாராவது கேட்டாங்களா? இனி அந்தத் தெருக்கோடிப் பக்கமே போக முடியாது. காலையில் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்வழியாகக் கிளினிக்குக்கு வந்தேன். சிஸ்டர் இருமினார்.

மார்ச் 21, வெள்ளி

கண்ணாடிக் கடைக்காரரே வந்துவிட்டார். கேமராவுக்காக அல்ல, பல்வலி. நாற்காலியில் சாய்த்து, ஊசி போட்டு, வாயைத் திறக்கச் சொன்னேன்.

வாய் திறந்ததுதான் தாமதம், எனக்குப் பேச்சு வந்துவிட்டது. கண்ணாடியைத் துடைத்தது, பஞ்சில் வெள்ளி வந்தது, ரெண்டு நாளாகச் சாப்பாடு இறங்காதது — மடமடவென்று கொட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வெள்ளெழுத்துக் கண்ணாடிக்கு இன்னும் ஆர்டர் கொடுக்காததற்குக் காரணம் மறதி இல்லை, கொடுத்துவிட்டால் கடைக்கு வர வேறு சாக்கு இல்லை என்பதுதான் என்றும் சொல்லிவிட்டேன். சிஸ்டர் இருமவேயில்லை. வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"ஆ... ஆ..." என்றார் அவர்.

"வலிக்குதா?"

தலையாட்டினார். இல்லை. கொப்பளித்துவிட்டு என் கையைச் சுட்டினார். "அந்தப் பல் பாக்கற கண்ணாடில ஏன் ரெண்டு பிம்பம் விழறதில்ல?"

"பூச்சு முன்பக்கமே இருக்கும். சாதாரணக் கண்ணாடில பின்பக்கம்..." பாதியில் நின்றேன்.

"கேமராவுக்குள்ள இருக்கறதும் அதே மாதிரிதானே டாக்டர்? என் கடையில கண்ணாடி அறுக்கற மெஷின் இருக்கு."

கையில் வைத்துக்கொண்டே எல்லாம் போச்சு என்று புலம்பியிருக்கிறேன்.

வாசல்வரை போனவர் திரும்பி, "நீங்க சொன்ன மத்த விஷயம்..." என்றார். நான் செத்தேன். "அதை அப்புறம் பேசலாம். இப்ப வாய் மரத்துப் போயிருக்கு."

மார்ச் 22, சனி

அவர் கடையில் பல் பார்க்கும் கண்ணாடிகளை அறுத்தோம். முதலாவது தூள். அடுத்தது அவர் அறுத்தார், அச்சாக உட்கார்ந்தது. பசை காய்வதற்குள் மொட்டை மாடிக்கு ஓடி, தூரத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நிலைநிறுத்த வேண்டும். நான் கேமராவைப் பிடித்து ஜன்னலில் பார்க்க, அவர் ஊசிமுனையால் கண்ணாடியை நகர்த்தினார்.

"ரெண்டு தொட்டி தெரியுது... இடது பக்கம்... ஐயோ ரொம்பப் போயிடுச்சு... இப்ப ஒண்ணு!"

"மூச்சு விடாதீங்க, ஆடுது."

மூச்சு விடவில்லை. நெருக்கத்தில் நின்றால் மூச்சு தானாகவே நின்றுவிடுகிறது.

ஃபிலிம் இருக்கும் இடத்தில் எண்ணெய்க் காகிதத்தை ஒட்டி, அதே தொட்டி அதில் கூர்மையாக விழும்படி லென்ஸையும் வைத்து இறுக்கினோம். மத்த விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாய் மரத்தது இந்நேரம் தெளிந்திருக்குமே?

மார்ச் 30, ஞாயிறு

சோதனைச் சுருள் கழுவி வந்தது. படங்கள் பளிச்சென்று இருக்கின்றன! ஆனால் ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் குமிழைத் திருகி ஃபிலிமை நகர்த்த வேண்டும். ஒரு இடத்தில் மறந்திருக்கிறேன். அக்காவின் உச்சந்தலையில் என் கிளினிக் நாற்காலி முளைத்திருக்கிறது.

"சின்ன வயசுலேருந்து உன்னைத்தான் தலைல தூக்கி வச்சு ஆடினேன். இப்ப நாற்காலியுமாடா?"

ஏப்ரல் 6, ஞாயிறு

பெரியவர் பிறந்தநாள். கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுக் கூடம். கேமராவை நீட்டியதும் பெரியவர் பறித்துக்கொண்டார். பார்க்கும் ஜன்னலில் கண்ணை வைத்தார். வெகுநேரம் பார்த்தார்.

"முன்னாடி இவ்வளவு தெளிவா இருக்காதே. யார் கைவச்சது?"

கையைத் தூக்கினேன்.

"பல் டாக்டரா? அதான் கிராம்பு வாசனை." அதற்குமேல் பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. "ஏழரை அடி. ரெண்டு பேரும் அப்படியே நில்லுங்க" என்று எங்களை எடுத்தார். பூந்தொட்டியை எடுத்தார். நாற்காலியை எடுத்தார். கடைசிப் படம் ஒன்றே ஒன்று மிச்சம். மகள் கெஞ்சுகிறார், இவர் பிடியை விடவில்லை. மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரே ஒரு படம்ப்பா..."

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வித்தைதான். "ஐயா, பேசும்போது மேல் பல்செட் ஆடுதே, வலிக்கலையா?" என்றேன்.

"ஆடுதுதான். நாலு மாசமா."

"இப்படி வெளிச்சத்துல உக்காருங்க. அதைக் கீழ வைங்க, ரெண்டு கையும் மடியில. ம். என்னைப் பார்த்து 'ஈ'ன்னு காட்டுங்க. நல்லா. இன்னும்."

காட்டினார். என் தோளுக்குப் பின்னால் 'கிளிக்'.

பெரியவர் முறைத்தார். மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரியான திருட்டுக் கூட்டணி" என்றார். வாசலில் நான் செருப்பு மாட்டும்போது மகள் மெல்ல, "மரத்துப் போனது சரியாயிடுச்சு டாக்டர்" என்றார்.

நவம்பர் 12, புதன்

வீட்டில் பாத்ரூம் காலி இல்லை. ஃபிலிமை இனி வெளியே கொடுப்பதில்லை, நானே கழுவுவேன் என்று கண்ணாடிக் கடைக்காரி விடியற்காலையிலேயே உள்ளே புகுந்துகொண்டாள். கதவிடுக்கில் போர்வை. தட்டினால், "திறந்தீங்கன்னா தெரியும் சேதி!" என்கிறாள். மாமா வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "தண்ணி சூடு எவ்வளவும்மா? குலுக்காத, மெதுவா சாய்" என்று கதவோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

"மாமா, நான் கிளினிக் போகணும், பிரஷ் உள்ள இருக்கு."

"போங்க மாப்பிள்ளை, யார் புடிச்சா?"

முதல் ஆளுக்கு, காலையும் மாலையும் பல் தேய்ப்பதன் அவசியம் பற்றி அறிவுரை சொன்னேன். முகமூடியைக் கழற்றாமல்தான்.