ஐந்தாவது இடம்

அன்பு மகனுக்கு, அப்பா எழுதுவது. இங்கே அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, தங்கைக்குப் பள்ளிக்கூட வேலை நிரந்தரமாகிவிட்டது, எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ அங்கே குளிருக்கு இரண்டு சட்டை சேர்த்துப் போட்டுக்கொண்டு சுகமாக இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. மூன்று நாளாக என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, வாசலுக்கும் கொல்லைக்குமாக நடக்கிறேன். நடந்தே தரையைத் தேய்த்துவிடுவேன் என்று அம்மா துடைப்பத்தோடு பின்னாலேயே வந்து திட்டுகிறாள்.

விஷயம் இதுதான். நம் துறைமுகத்தில் ஒரு பெரிய கம்பெனி முதலீடு போட வந்திருக்கிறது. ஏலக்கூடத்துக்குப் பின்னால் குளிர்பதனக் கிடங்கு கட்டுகிறார்கள், பன்னிரண்டு படகுகளைக் கூட்டுச் சேர்த்துப் புது என்ஜினும், மீனைக் கடலிலேயே உறைய வைக்கிற பெட்டியும் பொருத்தித் தருவார்களாம். ஆனால் ஓட்டுகிறவன் பெரிய கப்பலில் வேலை பார்த்தவனாக இருக்க வேண்டுமாம். கேட்டதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நான்கு வருஷமாக யாரோ ஒருவனுடைய கப்பலில் மீன் வெட்டுகிற நீ வீட்டுக்கு வர இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் எந்தப் படகு என்பதை, துறைமுக அலுவலகத்தில் தினமும் பிடித்த மீனை எழுதுகிற பதிவேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். நம் பதிவேடு உனக்குத் தெரியாததா? மீன் அள்ளிய நாளிலெல்லாம் ‘கால் பெட்டி மீன், வலை கிழிந்தது’ என்று நான் சொல்லச் சொல்ல எழுதியவனே நீதானே. உள்ளதை எழுதினால், அலுவலக வராந்தாவில் கிடக்கிற அந்த நோட்டை நாலு படகுக்காரன் புரட்டிவிட்டு மறுநாள் நம் பின்னாலேயே வருவான் என்று பயம். மீனை ஏலத்துக்குக் கொண்டுவராமல் ஓட்டல்காரர் வண்டியில் ஏற்றியதும் அதனால்தான். கம்பெனியிலிருந்து வந்த அந்தப் பெண் நோட்டைப் பார்த்துவிட்டு, "ஐயா, நீங்க பொழுதுபோக்குக்குத்தான் கடலுக்குப் போறீங்களா" என்று மிக மரியாதையாகக் கேட்டாள். பக்கத்தில் நின்ற எதிர்வீட்டுப் படகுக்காரன் மொட்டை, தன் மீசைக்குள்ளேயே சிரித்தான். எனக்கு மானமே போயிற்று. பொய்க்கணக்கு என்று ஒப்புக்கொண்டேன். அப்படியானால் பிடித்த இடங்களைக் காட்டுங்கள், எங்கள் ஆட்கள் வலை விட்டுப் பார்க்கட்டும் என்றாள்.

கடலுக்கடியில் பாறையைச் சுற்றி மீன் கூடுகிற நம் ஐந்து இடங்களையும் அம்மாவுக்குக்கூட நான் சொன்னதில்லை. கொடுத்தால் பன்னிரண்டு படகும் அங்கேதான் போய் நிற்கும். கொடுக்காவிட்டால் நீ அங்கே, நாங்கள் இங்கே. அம்மா ஒரே கேள்வியாக, "உங்களுக்குப் பாறை வேணுமா, புள்ளை வேணுமா" என்றாள். இன்று காலை போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். கை வியர்த்து மை இழுகிவிட்டது. வியாழக்கிழமை போய்ப் பார்க்கிறார்கள், முடிவு அடுத்த வாரம்தானாம். அதுவரை எப்படி இருப்பேன் என்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் எழுதிக் கொடுத்தது நாலு இடம்தான். பதினாறு வயதில் வாந்தி எடுத்துக்கொண்டே, "இங்கதான்ப்பா, வலைய விடுங்க" என்று நீ அடம்பிடித்தாயே, அதை எழுதப் பேனா ஓடவில்லை. அது என்னுடையதில்லையே, உன்னுடையது.

உன் சான்றிதழ் நகலை உடனே அனுப்பு. போனில் அந்த இடத்தைப் பற்றி மூச்சு விடாதே, அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாள், மொட்டை வீட்டு ஜன்னல் எப்போதும் திறந்தே கிடக்கிறது. வேளாவேளைக்குச் சாப்பிடு. ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். நம் படகை அவர்கள் எடுக்காவிட்டாலும் நீ வந்துவிடு. பழைய என்ஜின் அந்த இடம் வரைக்கும் போகும்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா