சிமென்ட்டில் தண்ணீர் விடச் சொன்னவர்

நான் நடுக்கடலில் இருக்கும்போது சொல்லாமல் போய்விட்ட என் மச்சானுக்கு,

உங்கள் பதினாறாம் நாளுக்குத்தான் வந்து சேர முடிந்தது. அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே உங்களைப் பார்த்துவிட்டேன். பத்தடி உயர ஃப்ளெக்ஸில் கேப்டன் தொப்பி வைத்து நின்றிருந்தீர்கள். பின்னால் நீச்சல்குளத்தோடு ஒரு வெள்ளைக் கப்பல். "ஏழு கடல் கண்ட கேப்டன்" என்று எழுத்து. கீழே பேனர் வைத்தவர்களின் முகங்கள், உங்கள் முகத்தைவிடப் பெரிதாக. எல்லாம் உங்கள் பெரியப்பா மகன் ஏற்பாடு. நீங்கள் வேலை போய்த் திரும்பி வந்தபோது, "கப்பலேறினவன் மானமும் கப்பலேறிடுச்சு" என்று டீக்கடையில் சிரித்த அதே மகராசன். இருந்தவரை ஒரு டீ வாங்கித் தராதவருக்கு, செத்ததும் உங்களைக் கேப்டனாக்க எவ்வளவு அவசரம்!

வீட்டு வாசலிலும் ஒன்று கட்டியிருந்தார்கள். அக்கா அதை ஏறிட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "கேப்டனாம்ல. குடிச்சிட்டு வேலையக் கெடுத்துட்டு வந்து நின்ன மனுசன். இந்தப் பொய் எதுக்குடா?"

ஏழு வருஷமாக உங்கள் பெண்டாட்டி நம்பியது இதைத்தான். ஊரில் உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரியும், அது அப்படி இல்லை என்று.

நீங்கள் கேப்டன் இல்லை, போசன். எங்கள் ஆறு பேரை வேலை வாங்குகிற மேஸ்திரி. துரு சுரண்டுவது, பெயின்ட் அடிப்பது, ஹோல்டு என்கிற அந்தப் பெரிய சரக்குக் கிடங்குக்குள் ஏணியில் இறங்கிக் கூட்டுவது, இதுதான் நம் கப்பல் வாழ்க்கை. நீச்சல்குளமா? குளிக்கவே தண்ணீரை அளந்து விட்ட கப்பல் அது. ஸ்பெயினில் சிமென்ட் ஏற்றி, அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்காவில் கொட்டிவிட்டு, மக்காச்சோளத்தோடு திரும்புவோம். "இந்தத் தூசி வேணாம்னுதான மாப்ள அரியலூர வுட்டு ஓடியாந்தோம். நமக்கு முன்னாடி வந்து ஒக்காந்திருக்கு பாரு" என்று முதல் நாள் சிரித்தீர்களே, அந்தச் சிரிப்பை எந்த ஃப்ளெக்ஸில் போடுவார்கள்?

அந்தச் சீஃப் மேட்டை மறந்திருக்க மாட்டீர்கள். கேப்டனுக்கு அடுத்த அதிகாரி. இஸ்திரி போட்ட வெள்ளை ஓவரால். ஹோல்டுக்குள் ஒருநாளும் இறங்காததால் அது வெள்ளையாகவே இருந்தது. சிமென்ட்டை இறக்கிவிட்டுச் சோளத் துறைமுகத்துக்கு இரண்டு நாள் ஓட்டம். அதற்குள் ஹோல்டு சுத்தமாக வேண்டும். முதலில் காய்ந்தபடியே கூட்டி அள்ளணும், மூலைக் குழிகளைக் கையால் வழிக்கணும், அதற்கப்புறம்தான் தண்ணீர். துரைக்குப் பொறுமை இல்லை. ஹோஸைப் பிடித்து அடி என்றார்.

"சார், கூட்டாம தண்ணி வுட்டா இறுகிடும் சார்" என்பதை உங்களுக்குத் தெரிந்த இங்கிலீஷில் மூன்று தடவை சொன்னீர்கள். எனக்கே பாடம் நடத்துகிறாயா என்று கத்தினார். சிமென்ட்டில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று அரியலூர் ஆட்டுக்குட்டிக்குத் தெரியும். அத்தனை பரீட்சை எழுதிய அந்த மேதைக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஹோல்டு முழுக்கத் தளம் போட்ட மாதிரி இருந்தது. சோளம் ஏற்ற வந்த ஆய்வாளர் எட்டிப் பார்த்தார், முடியாது என்று போய்விட்டார். கப்பல் நங்கூரத்தில் கிடக்க, நாம் சுத்தியலும் உளியுமாக ஐந்து நாள் கொத்தினோம். கேப்டன் யார் செய்த வேலை என்று கேட்டார். போசன் தன் இஷ்டத்துக்குக் கழுவிவிட்டான் என்று மேட் ஒரு தாளில் எழுதினார். சாட்சிக் கையெழுத்துக்கு முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். சொந்தக்காரனே போட்டுவிட்டால் மற்றவர்கள் பேசமாட்டார்கள் என்கிற கணக்கு. போடாவிட்டால் நீயும் அடுத்த ஃப்ளைட்டில் ஊருக்கு என்றார். எனக்கு அது முதல் கப்பல். அவர் நீட்டிய பேனாவிலேயே போட்டேன். கிளம்பும்முன் சிறுவாச்சூர் காளி கோயிலுக்குக் கூட்டிப்போய் நீங்கள் கட்டிவிட்ட கயிறு அந்தக் கையில்தான் இருந்தது. மேட்டைக் கோழை என்று திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

கப்பல்காரனுக்கு ஒரு புத்தகம் உண்டு. ஒவ்வொரு கப்பலை விட்டு இறங்கும்போதும் நடத்தை எப்படி என்று அதில் எழுதுவார்கள். உங்கள் புத்தகம் முழுக்க 'மிக நன்று'. கடைசிக் கப்பலுக்கு மட்டும் 'சொல்ல விருப்பமில்லை'. அதன் பிறகு எந்த ஏஜென்ட்டும் உங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. அரியலூர் கூட்ஸ் ஷெட்டில் சிமென்ட் மூட்டை தூக்கினீர்கள். என்ன நடந்தது என்று அக்கா கேட்டபோதெல்லாம் "ஒரு தப்பாயிடுச்சு, வுடு" என்று மட்டும் சொன்னீர்களாம். குடி என்பது ஊர் கட்டிவிட்ட கதை. ஏன் மச்சான்? அவள் தம்பி என்பதாலா? லீவில் வந்தால் கறியெடுத்து வந்து எனக்கு விருந்து வைப்பீர்களே, அந்தச் சோறு எப்படி எனக்கு இறங்கியது?

இப்போது நான்தான் போசன். போன மாதம் ஒரு புது மேட், அதே சிமென்ட், அதே அவசரம். "கூட்டாம தண்ணி வுட மாட்டேன் சார், வேணும்னா கேப்டன்ட்ட போவோம்" என்றேன். சரி என்று போய்விட்டார். அன்றைக்குக் கேப்டன் அறைக் கதவைத் தட்ட எனக்கும் இவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும். அந்த வாரமே உங்கள் சேதி வந்தது.

அக்கா வாசலில் கேட்டதற்கு, பந்தியில் உட்கார்ந்து இலை போட்ட நேரத்தில், எல்லார் முன்னாலும் பதில் சொல்லிவிட்டேன். குடி இல்லை, தப்பு உங்களது இல்லை, கையெழுத்து என்னுடையது என்று. உங்கள் பெரியப்பா மகன் சாம்பார் வாளியை நோட்டம் விட்டார். அக்கா நேராக என் இலைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இதச் சொல்ல, அவரு சாவட்டும்னு காத்திருந்தியாடா?"

கேட்டுவிட்டு என் முன்னால் கிடந்த இலையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் எழுந்து போய் வாசல் ஃப்ளெக்ஸை அவிழ்த்தேன்.

நடந்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதியிருக்கிறேன், மச்சான். உங்கள் புத்தகத்தோடு, அதைக் கொடுத்த சென்னைக் கப்பல்துறை ஆபீஸுக்குப் போவேன். செத்தவன் புத்தகத்தைத் திருத்தி என்ன ஆகப்போகிறது என்று சிரிப்பார்கள். அடுத்த லீவிலும் போவேன், அதற்கடுத்த லீவிலும் போவேன். அந்தப் பக்கம் மாறும்வரை உங்கள் வீட்டில் எனக்கு இலை கேட்க மாட்டேன். இது சத்தியம்.

இந்தத் தடவை சொந்தப் பேனாவில் கையெழுத்திடும்,
உங்கள் மச்சினன்.