அத்தையின் முதுகும் ஆதியின் கல்யாணமும்

12-6-1982

தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் குனிந்த அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டார். விழவில்லை, வழுக்கவில்லை. அரைக் குடம் தண்ணீர், அவ்வளவுதான். "வாயு புடிச்சிக்கிச்சி சரசு. பூண்டு ரெண்டு தட்டிக் குடு, சரியாப் பூடும்" என்கிறார். கண்ணெல்லாம் கலங்கியிருக்கிறது. ஆனாலும் கவலை குடத்தைப் பற்றித்தான்.

நான் பிறந்தபோது என்னை ஏந்திய கை அது. பிறகு தன் மகனுக்கு என்னைப் பெண் கேட்டு வந்து பூ வைத்ததும் அதே கை.

20-6-1982

கீழ்பென்னாத்தூரிலிருந்து அண்ணன் அருணகிரி வந்தார். அத்தையைப் பார்த்த கையோடு, "தையில முகூர்த்தம் பாத்துடலாமா?" என்றார். அண்ணன் மகன் மூர்த்திக்குத்தான் ஆதிலட்சுமி என்பது அவள் தொட்டிலில் கிடந்தபோதே பேசிவைத்தது. என் மகள் ஆதி அன்று போட்ட காபியில் சர்க்கரையே இல்லை. யாரும் சொல்லிக் காட்டவில்லை.

28-6-1982

வேலூருக்குப் போய் அத்தைக்கு எக்ஸ்ரே எடுத்தோம். முதுகெலும்பில் இரண்டு கட்டை அமுங்கிப்போயிருக்கிறதாம். "உள்ள அரிச்சிருக்கும்மா. பொம்பளைங்களுக்கு ஜாஸ்தி. குடும்பத்துலயும் வரும்" என்றார் டாக்டர். "இவங்க உங்க அம்மாவா?"

"மாமியார்."

"அப்போ உங்களுக்கு பயமில்ல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சொல்ல வெட்கம்தான், மனசு லேசாகிவிட்டது.

திரும்பி வருகையில் பஸ்ஸில் அத்தை என் தோளில் சாய்ந்து தூங்கினார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அச்சு அசல் அப்பா தூங்குகிற மாதிரி. எனக்குத் திக்கென்றது. அப்பாவின் கூடப்பிறந்த தங்கையாயிற்றே! என்ன உளறிவிட்டு வந்திருக்கிறேன்? இத்தனை வருடம் மருமகளாக இருந்ததில் அண்ணன் மகள் என்பதே மறந்துவிட்டதா?

அப்பாவுக்கும் கடைசியில் கூன் விழுந்தது. மல்லாட்டைக் கடலை மூட்டை தூக்கிய கூன் என்று ஊரே சொன்னது. நாங்களும் நம்பினோம்.

அப்படியானால் ஆதிக்கு? அவள் அப்பா வழியிலும் அத்தையின் ரத்தம், என் வழியிலும் அதே ரத்தம். மூர்த்தியும் அந்த வீட்டுப் பிள்ளைதான். நாளைக்கு அவர்களுக்குப் பிறப்பது?

29-6-1982

இன்னா பண்றதுன்னே தெரியல.

11-7-1982

அண்ணனிடம் சொல்லிவிட்டேன், இந்தக் கல்யாணம் வேண்டாமென்று. காரணத்தையும் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"எங்க ரத்தம் உனுக்கு ஆவாதா? உன் ரத்தம் எங்கேர்ந்து வந்திச்சி?"

காபியைத் தொடாமல் போய்விட்டார். அவர் கேட்டது நியாயம்தான். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

18-7-1982

ஒரு வாரமாக முகம் கொடுக்காத ஆதி இன்று வெடித்துவிட்டாள். "ஏம்மா, வெளிய அசல்ல குடுத்தா மட்டும் என் எலும்ப இங்க கழட்டி வெச்சிட்டா போவப் போறேன்? ஆயா மாதிரி எனுக்கும் முதுகு வளைஞ்சா, அங்க பாத்து மூஞ்சி சுளிப்பாங்க. மூர்த்தி மாமா சுளிக்காது."

பிறக்கப்போகிற குழந்தைகளை நினைத்துப் பார் என்றேன். எழுந்து போய் ஆயாவின் முதுகுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். அழுத்தாமல், வாழைப்பழத் தோலைத் தடவுகிற மாதிரி.

2-8-1982

மறுபடி வேலூர். மாமியாராவதற்கு முன்னாலேயே இவர் என் அப்பாவின் தங்கை என்று டாக்டரிடம் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார். "அதச் சொல்லலியேம்மா நீங்க!" பிறகு பொறுமையாகச் சொன்னார். கட்டாயம் வரும் என்றில்லை, வர வாய்ப்பு அதிகம். சொந்தத்தில் கட்டாமலிருப்பது பிள்ளைகளுக்கு நல்லது. கட்டினாலும் கட்டாவிட்டாலும் ஆதி இப்போதிருந்தே பால், கேழ்வரகு, வெயிலில் நடை என்று இருக்க வேண்டும். எனக்கும் அதேதான். முடிவை என் தலையில் கட்டிவிட்டார்.

வெளியே மர பெஞ்சில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னாலதான் கொழந்த கல்யாணம் நின்னு பூட்சா சரசு?"

ஐயோ, யார் சொன்னது இவரிடம்? "இல்ல அத்தே, இல்ல அத்தே" என்கிறேன். நோயும் வந்து, அது தன் குற்றம் என்றும் நினைத்துக்கொண்டு, எத்தனை நாளாக இந்த மனுஷி வாய் திறக்காமல் இருந்தாரோ.

8-8-1982

ஆதி சொன்னதும் அத்தை கேட்டதும் மனசை விட்டுப் போகவில்லை. கீழ்பென்னாத்தூர் போனேன். என் பயம் போகவில்லை, அதையும் மறைக்கவில்லை. "பயத்தோடதான் குடுக்கறேண்ணா" என்றேன். அண்ணன் டம்ளரை என் பக்கம் நகர்த்தி, "காபி குடி" என்றார்.

27-1-1983

கல்யாணம் முடிந்தது. போட்டோவுக்கு அத்தையால் நிமிர முடியவில்லை. மூர்த்தி சட்டென்று அவர் உயரத்துக்குக் குனிந்தான், ஆதியும் குனிந்தாள். மாலையெல்லாம் தரையில் புரண்டது. போட்டோக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

16-3-1986

இடது கையால் எழுதுகிறேன், கோழிக் கிறுக்கல். முந்தாநாள் வாசற்படியில் கால் இடறிக் கையை ஊன்றினேன். மணிக்கட்டு முறிந்துவிட்டது. சின்ன இடறல்தான். டாக்டர் எதுவும் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆதி குழந்தையோடு ஓடி வந்தாள். என்னைவிட அவள்தான் அழுதாள். அவளுக்குச் சமாதானம் சொல்லியே என் வலி பாதி கம்மியானது.

மத்தியானம் அத்தை நகர்ந்து நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கேட்கவில்லை, கொள்ளவில்லை. ரசம் சாதத்தைப் பிசைந்து உருட்டி என் வாயருகே நீட்டினார். பாதி சாதம் என் புடவையில். ஐம்பதை நெருங்குகிற பொம்பளை நான், "ஆ காட்டு" என்கிறார். காட்டினேன்.

"போதுமாடி?"

வயிறு எப்போதோ நிறைந்துவிட்டது. இன்னும் வேண்டும் என்றேன்.