உருண்டைப் படமும் பெயர்க்கல்லும்

ஓகஸ்ட் 5, செவ்வாய்

பேய்ச் சோளகக் காற்று. இணுவிலிலிருந்து குருநகர் போய்ச் சேர்வதற்குள் தலை காக்கைக் கூடு. கோயிலுக்குள் காற்றில்லை, நல்ல காலம்.

வேலை: கோயில் உட்புறம் முழுக்க ஒரே உருண்டைப் படம். மேல், கீழ், சுற்றிவர எல்லாம். ஞாயிறு கொடியேற்றம். அன்றைக்கு இணையத்தில் விட்டால் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் கோயில் நடுவில் நிற்கிற மாதிரியே பார்க்கலாம். முன்பு வெளியூர்க்காரர் ஒருவர் எடுத்த படம் கிடப்பில். கமரா ஸ்டாண்ட் நின்ற இடத்தை மறைக்க வட்டமாகத் தன் லோகோவை ஒட்டிவிட்டாராம். அது விழுந்தது நட்டநடுவில் பதித்திருக்கும் பெயர்க்கல்லின் மேல். கடலுக்குப் போய் உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் அதில்.

கோயிலைப் பராமரிக்கும் மூப்பர், அந்தோனிப்பிள்ளை அண்ணை, சொன்னது: "உவையளுக்கு வேறை கல்லறை இல்லைப் பிள்ளை. உதிலை ஆரின்ரையோ விளம்பரத்தை ஒட்டினா சனம் விடுமே?"

"என்ரை படத்திலை கல்லு கல்லாவே தெரியும் அண்ணை."

வாய் முந்திவிட்டது. இனிச் செய்துதான் காட்ட வேண்டும். முடியாவிட்டால் இதுவும் கிடப்பில்தான், என் பெயரும் அதோடு சேர்த்து.

பீடமும் வாசலும் ஒரே நேரில் வரவேண்டும், நடுவில் நின்றே எடுக்கவேண்டும் என்றார் ஃபாதர். ஸ்டாண்டின் ஒரு காலைக் கல்லில் வைத்தேன். "ஏய் பிள்ளை!" மூப்பர் போட்ட சத்தத்தில் கமரா விழாதது அதிசயம். அந்தக் கல்லை ஒருவரும் மிதிப்பதில்லையாம். திருவிழாவில் மாதா சொரூபத்தைச் சுருவக் கூட்டில் தூக்கி வரும்போதுகூடச் சனம் இரண்டாகப் பிரிந்து சுற்றித்தான் போகுமாம். சைவக்காரி எனக்கு எப்படித் தெரியும்? மூன்று காலையும் அகட்டிக் கல்லுக்கு வெளியே ஊன்றி எடுத்து முடித்தேன்.

மூப்பர் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்கள். நண்டுக்கறி வாசம். நல்லூர்த் திருவிழா முடியும்வரை நாங்கள் மரக்கறி. என் விதி.

ஓகஸ்ட் 6, புதன்

லப்டொப்பும் நானும். தேத்தண்ணி இரண்டு தடவை ஆறிப்போனது.

இவ்வளவு நாளும் படங்களை முதலில் பொருத்திவிட்டுப் பிறகு வெளிச்சம் திருத்துவேன். யன்னல்கள் வெளிறும், பொருத்துகள் பட்டை பட்டையாகத் தெரியும். இன்று மாற்றிச் செய்தேன். ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைத் திருத்தி, அதற்குப் பிறகு பொருத்தல். பொருத்துகளைத் தூண் ஓரங்களுக்குத் தள்ளிவிட்டேன். யன்னல் கண்ணாடியின் நீலம் நீலமாகவே வந்தது. இதை ஏன் முந்தியே செய்யவில்லை, மொக்கி.

எடுக்கும்போது மூப்பர் நடந்து திரிந்ததால் வாசலில் ஒரு மூப்பர், பாவசங்கீர்த்தனக் கூண்டடியில் இன்னொரு மூப்பர். ஒருவரை அழித்தேன். வாசல்காரர் தப்பினார்.

கீழே ஸ்டாண்டை அழித்தபின் ஓட்டை. தானாக நிரப்பும் பொத்தானை அமத்தினேன். கல் வந்துவிட்டது, எழுத்துகளோடு!

என்னவர் குகன் எட்டிப் பார்த்து: "முடிஞ்சுதோ உம்மடை எள்ளுருண்டை?"

"ஓம்."

ஓகஸ்ட் 7, வியாழன்

முடியவில்லை.

காலையில் பெருப்பித்துப் பார்த்தேன். கல்லிலிருப்பது தமிழே இல்லை. தூரத்திலிருந்து தமிழ் போல ஒரு கிறுக்கல். ழகரத்துக்கு இரண்டு வால். கொம்பு இருக்கிறது, எழுத்தைக் காணோம். செத்தவர்களின் பெயரை அழித்துவிட்டு யாருமே இல்லாத பெயர்களை எழுதி வைத்திருக்கிறது அந்தச் சனியன். அனுப்பியிருந்தால்?

கு.: "விடுமப்பா. ஆர் குனிஞ்சு நிலத்தைப் பாக்கப்போகினம்?"

"அவையள் முதல் பாக்கிறதே அதைத்தான்."

முணுமுணுத்தபடியே மோட்டார்சைக்கிளை எடுத்தார். நல்ல மனுசன்.

கல்லை மேலிருந்து தனியாக எடுத்தேன். தடி நுனியில் கமரா, நான் பக்கத்தில் நின்று எட்டி நீட்ட, கல்லில் விழுந்துவிடாமல் கு. பின்னால் என் கையைப் பிடித்துக்கொண்டார். மூப்பருக்குச் சிரிப்பு. "கலியாணப் படம் எடுக்கிறியளோ?"

இனிமேல்:
— எழுத்துள்ள இடத்தில் தானாக நிரப்புவது இல்லை. இல்லவே இல்லை.
— ஸ்டாண்டைத் தூக்கிய கையோடு நிலத்தை எடுப்பது, வெளிச்சம் மாறமுன்.
— கு.வுக்கு வடை.

ஓகஸ்ட் 8, வெள்ளி

கல்லின் நாலு மூலையையும் இழுத்துச் சரிபார்த்து ஒட்டினேன். நிலத்து ஓடுகளின் கோடுகள் முறியாமல் ஓடுகின்றன. எல்லாப் பெயரும் வாசிக்கலாம். சூசைப்பிள்ளை, மரியதாஸ், எல்லாரும் தங்கள் தங்கள் எழுத்தோடு. எங்கே ஒட்டினேன் என்று தேடினேன், எனக்கே அகப்படவில்லை.

பெருமையாக இருக்கிறது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

ஓகஸ்ட் 9, சனி

கோயிலடியில் ஃபாதர் தங்கும் அறைவீட்டில் காட்டினேன். முகத்தில் மாட்டிப் பார்க்கும் வீ.ஆர். கண்ணாடி கொண்டுபோயிருந்தேன். ஃபாதர் பீடத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "நல்லாயிருக்கு." குனியவில்லை.

அடுத்தது மூப்பர். மாட்டியதும் குனிந்தார்.

"ஐயோ மாதாவே!"

பக்கவாட்டில் ஒரு துள்ளல். கதிரை விழுந்தது. "கல்லிலை நிக்கிறன்! கல்லிலை நிக்கிறன்!"

நான்தான் முதலில் சிரித்தேன். கண்ணாடியைக் கழற்றியபோது அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"படம் திறம், பிள்ளை. ஆனா இதைப் பாக்கிற எல்லாரும் கல்லிலைதானே நிக்கப்போகினம்."

ஒருவருக்கும் தோன்றவில்லை. ஸ்டாண்டின் கால்களை வெளியே வைத்தேன், பார்க்கிறவர்களின் கால்களை மறந்துவிட்டேன்.

ஃபாதர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நடு வேண்டாம்."

உடனே கோயிலுக்கு. கல்லிலிருந்து ஓரடி தள்ளி வெறும் நிலத்து ஓட்டில் ஸ்டாண்ட். இந்தமுறை வேலை ஒழுங்கு கைக்கு வந்துவிட்டது: நிலம், வெளிச்சம், பொருத்தல், ஒட்டு. பின்னேரத்துக்குள் முடிந்தது. பீடம் கொஞ்சம் சரிவாகத்தான் தெரிகிறது. கல் காலடிக்குப் பக்கத்தில், முழுசாக.

மூப்பர் மறுபடி மாட்டினார். குனிந்தார். துள்ளவில்லை. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, வாய்க்குள் பெயர்களை வாசித்தார்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

கொடி ஏறியது. படமும் ஏறியது. மூப்பரின் தங்கச்சி பாரிசிலிருந்து போன் எடுத்தாவாம், பீடம் ஏன் சரிவு என்று கேட்கவேயில்லையாம்.

கு.: "அந்த முதல் படம்? வைச்சிருக்கிறீரோ?"

அழித்துவிட்டேன். என் கையால் செய்ததில் ஆகத் திறமான ஒட்டு அது. குனிந்து பார்த்தவர் ஒரே ஒருவர். அவர் துள்ளினார்.