வாயைப் பொத்திய கை

என் கண்ணே,

போன் செய்யக் கூடாது என்றாய், செய்யவில்லை. இதை மட்டும் படித்துவிடு.

பிட்ஸ்பர்க்கில் பழைய படங்களே போடும் அந்தத் தியேட்டரில், ஞாயிறு மதியம் ஒரே டிக்கெட்டில் இரண்டு பேய்ப் படங்கள். இரண்டாவது, நாம் இரண்டு பேரும் நடித்த நம் படம். அதில் நமக்கு நான் அலறும் ஒரே ஒரு காட்சிதான். என் இடுப்பில் ஆறு மாதக் குழந்தையாக நீ.

ஜன்னலில் பேய் தெரிந்ததும், அன்று படப்பிடிப்பில் எனக்குச் சொல்லிக் கொடுத்தபடியே சீட்டில் இருந்து அலறிவிட்டேன். வேறு யாரும் அலறவில்லை. படத்துப் பேய் போலவே முகமெல்லாம் சாய ரத்தம் பூசி வந்திருந்த பக்கத்து சீட்டு ரசிகை அதட்டினாள்:

"என்னங்க, அவசரப்பட்டுட்டீங்களே! இந்தக் காட்சிக்கு எப்பவும் எல்லாரும் முதல்ல வாயைப் பொத்தணும், அப்புறம்தான் சேர்ந்து அலறணும். புதுசா?"

"ஆமாம்மா, புதுசுதான்."

திரும்பிப் பார்த்தேன். தியேட்டர் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. திரையில் உன் பிஞ்சுக் கை என் வாயை மூடியிருந்தது. யாரும் சொல்லிக் கொடுக்காமல் நீயாக வைத்த கை. நீ அதை எடுத்ததும் அத்தனை பேரும் என்னோடு சேர்ந்து அலறினார்கள். முன்பின் தெரியாத ஜனங்கள், இத்தனை வருஷமாக உன் கைக்காகக் காத்திருக்கிறார்கள்!

நானும் வாயைத் திறக்காமல்தான் இருக்கிறேன், நீ கையை எடுக்கும்வரை.

அம்மா