பெரியப்பா வைத்த புளியமுத்து

ஜூலை 9, செவ்வாய்

நாள் முழுக்க மேல்காற்று. வாயெல்லாம் மண். எல்லோரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் செல்போன் வெளிச்சம். பெ. என்றால் பெரியப்பா. முழுசாக எழுதப் பயம்.

இன்று பள்ளி மைதானத்தில் கூட்டம். வயசானவர்கள் பகலில் உட்கார, பேச, பிரஷர் பார்த்துக்கொள்ள ஒரு கூடம் கட்டப்போகிறார்கள். எங்கே என்று அவர்களே சொல்ல வேண்டுமாம். கூடத்துக்கு பிளான் போட மதுரையிலிருந்து வந்த மேடம், ஊர்ப் படத்தைத் தரையில் கோலப்பொடியால் போடச் சொன்னார். நாங்கள் பிள்ளைகள் போட்டோம். கோயில், கண்மாய், மெயின் ரோடு. என் கண்மாய் கத்தரிக்காய் மாதிரி. பெரியவர்களுக்கு ஆளுக்கொரு புளியமுத்து, புளியங்கொட்டைதான். விரும்புகிற இடத்தில் வைக்கணும்.

பெ. வார்டு மெம்பர். முதல் முத்து அவருக்கு. கண்மாய்க்கு அந்தப் பக்கம், எங்கள் புஞ்சையில் வைத்தார். இடத்தைச் சும்மாவே தருகிறார், தன் அய்யா பெயரில் போர்டு இருந்தால் போதும். அப்புறம் எல்லோரும் அங்கேயே வைத்தார்கள். அவர் வைத்த பிறகு வேறு இடத்தில் வைத்தால் எதிர்த்த மாதிரி. மேடத்துக்கு இது தெரியாது. கைதட்டினார்.

திரும்பும்போது பக்கத்து வீட்டு சீனியம்மா அத்தை: "கம்மாயத் தாண்டி அம்புட்டுத் தூரம் எவ போவா? ஏ முட்டி என்ன இரும்பா?"

அங்கேயே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"போ புள்ள. அவுக மூஞ்சிக்கு நேரா எப்பிடிச் சொல்ல?"

அங்கே கட்டினால் கூடம் பூட்டித்தான் கிடக்கும்.

ஜூலை 10, புதன்

மேடத்திடம் சொல்லிவிட்டேன், பெ.வுக்காகத்தான் எல்லோரும் அங்கே வைத்தார்கள் என்று. என் பெயரைச் சொல்ல மாட்டாராம். நம்பலாமா? வெள்ளிக்கிழமை மறுபடி கூட்டம்.

பெ. செருமினாலே சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன். காய்ச்சலா என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கணக்கு நோட்டு வாங்கணும்.

ஜூலை 12, வெள்ளி

மறுபடி கோலப்பொடி. கேள்வி மட்டும் வேறு. "நேத்து பொழுது சாயுற நேரம் எங்க இருந்தீங்க? அங்க வைங்க." பெ.வுக்குக் கடைசி முத்து.

சீனியம்மா அத்தை மெயின் ரோட்டு வேப்பமரத்தடியில் வைத்தார். பட்டாசுக் கம்பெனி வேன் வந்து நிற்கும் இடம். மருமகள் இறங்குவதைப் பார்த்தால்தான் அவருக்கு மூச்சு வரும். டீக்கடைக்காரரின் அப்பா குருசாமி தாத்தா அங்கே நிற்பது மகளுக்காக. முத்தெல்லாம் அங்கேயே குவிந்தது.

"உக்கார ஒரு கல்லு கெடயாது தாயி. நின்னு நின்னு காலு வீங்கிப் போகுது" என்றார் அத்தை மேடத்திடம்.

பெ. முத்தைக் கையிலேயே உருட்டிக்கொண்டு நின்றார்.

"நான் டீ குடிக்கத்தான் போனேன்" என்று மரத்தடியில் வைத்தார்.

"டீ என்ன வேன்லயா வருது மெம்பரே?" குருசாமி தாத்தா. ஒரே சிரிப்பு. பெ.வின் மகள், எங்கள் அக்கா, அந்தக் கம்பெனி ஆபீசில்தான் வேலை பார்க்கிறாள், அதே வேனில்தான் வருவாள்.

மரத்தை ஒட்டிப் பஞ்சாயத்து இடமே இருக்கிறது. அங்கேயே என்று முடிவு. "எங்கய்யா பேர அங்கன போடலாம்ல?" என்றார் பெ., மெதுவாக. போடலாமாம்.

சாப்பிடும்போது பெ. கேட்டார்: "மேடத்துக்கிட்ட யாரு சொன்னது?"

"நான்தான்." எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

அக்கா தண்ணீர் ஊற்றினாள். பெ. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அடுத்து வாசல் எங்கன, சன்னல் எங்கனன்னு கேப்பாக. அப்பயும் எனக்குக் கடைசியாவே முத்துக் குடுக்கச் சொல்லு புள்ள."